தலைக்கு ஒரு யூரோ

பர்ரெய்ரோவில், ஆற்றுக்கு இந்தக் கரையில்,
எங்கள் அரசுப் பள்ளியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
தலைக்கு ஒரு யூரோ தருகிறது லிஸ்பன்.
என்ன வாங்கலாம் என்று நீங்களே ஓட்டுப் போட்டு
முடிவு செய்யுங்கள் என்கிறது சுற்றறிக்கை.
மந்திரி காருக்கு நாலு டயர் வராது இதில்,
என்றான் எட்மில்சன்.
சொல்லிவிட்டு
மேசைப்பந்து மேசைக்குக் கையெழுத்து வாங்கப் போனான்.

நான் கேட்டது தாழ்ப்பாள்.

பெண்கள் கழிப்பறையில் ஏழு கதவு.
தாழ்ப்பாள் உள்ளது ஒன்றுக்கு.
மற்ற ஆறுக்கும் வெளியே நிற்கும் தோழியின் கால்தான்.
யார் யாருக்குக் கால் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்
யார் யாரோடு சிநேகம் என்று தெரிந்துவிடும்.
பிசாவுவிலிருந்து புதிதாய் வந்த துல்சே
நாலு மாதம் பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை.

இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியிருந்தது.
கழிப்பறை என்றேன். சிரித்தார்கள்.
மறுபடி சொன்னேன். சிரித்தார்கள்.
மூன்றாம் முறை அவர்களுக்கே அலுத்துவிட்டது.
எதற்கும் இருக்கட்டும் என்று
நாலாவது முறையும் சொன்னேன்.

மார்ச்சில், மழை நாளில், தேர்தல்.
காகிதம் வந்த அட்டைப்பெட்டியில் கீறல் போட்டு வாக்குப்பெட்டி.
புவியியல் அறை வரைபடத்தைத் தொங்கவிட்டு மறைப்பு.
ஒவ்வொருவராய்
ஆப்பிரிக்காவுக்குப் பின்னால் போய்
ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்து எண்ணினோம், அவனும் நானும்.
இருநூற்று மூன்று.
இருநூற்று மூன்று.
கடைசிச் சீட்டு.
அதில் பெருக்கல் குறி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது,
ஒரு கால் அவன் கட்டத்தில்
ஒரு கால் என் கட்டத்தில்.

கோடுகள் வெட்டும் புள்ளி எந்தக் கட்டத்திலோ
ஓட்டு அந்தக் கட்டத்துக்கே.
அந்த விதியை எழுதியவள் நான்.
ஜனவரியில், ஒரு மதியம், வேறு வேலையில்லாமல்.

அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
அவன் பக்கம்
ஒரு மில்லிமீட்டர்.

அறிவித்தேன். குரல் உடையவில்லை.
தலைமையாசிரியர் வாஸ்கோன்செலோஸ் எழுந்தார், கனிவாக.
கவலைப்படாதே இயாரா,
தாழ்ப்பாளை வேறு நிதியில் போட்டுத் தருகிறேன்.
கூடமே கைதட்டியது.

தோற்றபோது வராத கோபம்
அப்போது வந்தது எனக்கு.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வேறு நிதி என்று ஒன்று இருக்கிறதா, சார்?
இருந்ததென்றால் இத்தனை வருஷம்
எங்கே படுத்திருந்தது?
ஆறு கதவுக்கு வெளியே நாங்கள் நின்றபோது
யாருடைய மேசைக்குள்?

அன்று நடவடிக்கைக் குறிப்பு எழுதியது எட்மில்சன்.
இதையும் எழுது என்றேன்.
தேவையில்லை என்றார் அவர்.
பேனா நின்றது.
ஜன்னல் தகரத்தில் மழை கொட்டுவது கேட்டது, கொஞ்ச நேரம்.
பிறகு அவன் எழுதினான்,
'நிதி'யில் ஒரு பிழையோடு.

ஈஸ்டர் விடுமுறையில் தாழ்ப்பாள்கள் வந்தன,
யாரும் கேட்காமலே வந்தவைபோல.
துல்சே தண்ணீர் பாட்டிலோடு நடக்கிறாள்.
மேசையும் வந்துவிட்டது.
கணக்கு வகுப்பு முழுக்க டக் டக் டக்.
நானும் ஆடுகிறேன். மோசமாக.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவைக் கொடுத்தாயிற்று:
பள்ளியின் வரவு செலவுக் கணக்கை
மாணவர் பேரவை முன் திறந்து வைக்க வேண்டும்.
மதிப்பிட்ட செலவு என்ற இடத்தில்
பூஜ்யம் போட்டேன்.

முப்பத்தொரு கையெழுத்து தேவை.
முதல் கையெழுத்துக்கு வந்தவன்
மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான்.
எட்மி என்று விழுந்ததோடு மை தீர்ந்தது.

பாதிப் பெயர் செல்லுமா?
விதியைப் பார்க்க வேண்டும்.
அதையும் நான்தான் எழுதியிருப்பேன்.